விடாதே என்று சொன்னவன்

திண்டிவனத்துக்கு வந்து குடியேறிய பெரிய மனிதர்கள் எல்லோரும் முதலில் காற்றைப் பற்றித்தான் பேசுவார்கள். சக்கரபாணியும் அப்படித்தான். முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டணத்தில் வீடு இருந்தும் அதை வாடகைக்கு விட்டுவிட்டு, 1933இல் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு மேற்கே தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கிக்கொண்டு வந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஊரின் பெருமையைச் சொல்வார். கத்தரிக்காய் செடியிலிருந்து நேராக வீட்டுக்கு வருகிறது. பால் கெட்டியாக இருக்கிறது. பட்டணத்துக்கு ரயில் இருக்கிறது. மோட்டார் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி மலை. "வேற என்ன வேணும் மனுஷனுக்கு?" என்று கேட்பார்.

அவர் வீட்டுத் தோட்டத்திலிருந்து இரண்டு பர்லாங்கு தூரத்தில் சேரி. அங்கேயும் அதே காற்றுதான் வீசியது. ஆனால் அங்கே காற்றைப் பற்றி யாரும் பேசியதில்லை. அங்கே பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். சேரிக்கு இருந்த ஒரே கிணற்றில் பங்குனி பிறந்தால் தண்ணீர் அடியில் போய்விடும். இருக்கிற தண்ணீரும் உப்பு. 1931இல் வாந்திபேதி வந்தபோது அந்தச் சேரியில் பதினோரு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி பெரியதம்பியின் பெண்டாட்டி. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு பெரியதம்பி வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை பொன்னியின் வீட்டோடு இருந்துவிட்டான். பொன்னியின் புருஷன் மாசிலாமணி அவனுக்கு மச்சான் மட்டுமில்லை, கூட்டாளியும்கூட. இருவரும் சேர்ந்தே கூலிக்குப் போவார்கள். அறுவடைக் காலத்தில் அறுவடை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குகிற காலத்தில் அது. வெயில் குறைந்த மார்கழி, தை மாதங்களில் அவர்களுக்கு இன்னொரு பிழைப்பு இருந்தது. மலை பார்க்க வருகிறவர்களைச் சுமப்பது.

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் பட்டணத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ராஜகிரிக்கு ஏறப் படி உண்டு. நல்ல கால் உள்ளவனுக்கே மேல்மூச்சு வாங்கும். ஏற முடியாதவர்களுக்காகச் சக்கரபாணி ஒரு பிரம்பு நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி வைத்திருந்தார். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் மூங்கிலைத் தோளில் வைத்துத் தூக்க வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பெரியதம்பிக்கும் மாசிலாமணிக்கும் ஆள் வரும். நாற்காலியைக் கட்டைவண்டியில் போட்டுக்கொண்டு முதல் நாள் மதியமே புறப்படுவார்கள். மோட்டார் மறுநாள் காலையில் வந்து சேரும்.

மாசிலாமணி பேச்சுக்காரன். மேலே ஏறும்போதுகூட வாய் ஓயாது. "மச்சான், ராஜா இங்க ஏன் கட்டினான்னு தெரியுமா? நம்மள மாதிரி ஆளு தூக்கறதுக்கு இருக்கறானுங்கன்னுதான்" என்பான். பெரியதம்பி சிரிக்கமாட்டான், நாற்காலியில் இருப்பவர் காதில் விழுமோ என்று பயப்படுவான். வேலை கொடுக்கிறவர் முகம் கோணக்கூடாது என்பதில் அவன் அவ்வளவு கவனம்.

1937 தை மாதம். சக்கரபாணியின் மருமகன் பட்டணத்திலிருந்து வந்திருந்தார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தது சக்கரபாணியின் மனைவி கோவிந்தம்மாள். வாத நோயில் இரண்டு முழங்காலும் வீங்கி நடக்க முடியாமல் போனவர். உடம்பு குச்சி மாதிரி. நாலு வருஷமாகத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த மலையை ஒருமுறை மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். படியில் குலுங்கும்போது அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து மாசிலாமணி தன் தலைத்துண்டை அவிழ்த்து நாலாக மடித்து, அவர் கால் வைக்கிற பலகையில் போட்டான்.

ராஜகிரியின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை பிளந்து கிடக்கும். பிளவுக்கு மேல் ஒரு மரப்பாலம். அதைத் தாண்டித்தான் உச்சிக்குப் போக வேண்டும். எல்லோரும் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தார்கள். மருமகன் மண்டபங்களைச் சுற்றிப் பார்த்தார். கோவிந்தம்மாள் நாற்காலியில் இருந்தபடியே கீழே வயல்களையும் ஏரிகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சமையல்காரன் நிழல் தேடி ஒரு செங்குத்துப் பாறையின் அடியில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தான். காப்பி போட வேண்டும்.

பெரியதம்பி அண்ணாந்து பார்த்தான். பாறையின் மேல் உதட்டில் முறம் முறமாக மூன்று தேனடைகள் கறுப்பாகத் தொங்கின. மலைத்தேனீ.

சக்கரபாணியிடம் போய்த் தள்ளி நின்று, "ஆண்டே, மேல தேனு கீதுங்க. பொகை போட்டா..." என்றான்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்டா. அம்மாவுக்குச் சூடா ஏதாவது குடுக்கணும்" என்றார் அவர்.

பெரியதம்பி இன்னொரு தடவை சொல்லவில்லை.

ஈரச் சுள்ளி. புகை திரண்டு பாறையோடு ஒட்டி மேலே ஏறியது. காப்பி குடித்து முடித்து இறங்கத் தொடங்கியபோதுதான் இரைச்சல் கேட்டது. மழை தூரத்தில் வருகிற மாதிரி ஓர் இரைச்சல். முதலில் அலறியது சமையல்காரன். பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினான். மருமகன் ஓடினார். சக்கரபாணி வேட்டித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "ஜல்தி தூக்கிக்கிட்டு வாங்கடா!" என்று கத்தியபடியே பாலத்தைத் தாண்டிப் போனார். பாலத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் கீழே ஒரு கல் மண்டபம் இருந்தது. எல்லோரும் அதற்குள் பாய்ந்தார்கள்.

நாற்காலி கடைசியாக வந்துகொண்டிருந்தது. இறங்குகிற படி என்பதால் பாரம் முன்னால் இருப்பவன் மேல் சாயும். முன்னால் மாசிலாமணி. இரண்டு கையும் மூங்கிலில். தலையில் துண்டு இல்லை. தேனீக்கள் முதலில் அவன் மேல்தான் விழுந்தன.

படிக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. இரண்டு ஆள் அகலத்துக்குச் சமதளம். பாறை அதன் மேல் கூரை போலக் கவிந்திருந்தது. நாற்காலியை அங்கே வைத்துவிட்டு, அம்மாளைத் துணியால் போர்த்திவிட்டு, தாங்களும் கவிழ்ந்து படுத்திருக்கலாம். மாசிலாமணி அதைப் பார்த்தான். பெரியதம்பியும் பார்த்தான்.

"எறக்கிடலாம் மச்சான்!" என்று மாசிலாமணி கத்தினான்.

"விடாதே!" என்றான் பெரியதம்பி. "ஆண்டே கூப்டறாரு. விடாதே, பாலத்தத் தாண்டிடு!"

மாசிலாமணி விடவில்லை. இன்னும் ஏதோ சொன்னான். பிறகு நாற்பது ஐம்பது படி. அதற்குப் பிறகு பாலம். பாலத்தில் நடக்கும்போது அவன் கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொண்டன. காலால் பலகையைத் தடவித் தடவி நடந்தான். நாற்காலி ஒரு தடவைகூடச் சாயவில்லை. மண்டபத்து வாசலில் இறக்கி வைத்ததும் பெரியதம்பி தன் தலைத்துண்டையும் இடுப்புத் துணியையும் அவிழ்த்து கோவிந்தம்மாளைத் தலையிலிருந்து கால்வரை மூடினான். அவருக்கு ஏழெட்டுக் கொட்டுதான். பெரியதம்பிக்கு முகத்திலும் கையிலும் நாற்பதுக்கு மேல். மாசிலாமணியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து இரைச்சல் அடங்கியது. மீதிப் படிகளையும் அவர்கள் இருவரும்தான் அம்மாளைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். வேறு ஆள் இல்லை. கீழே வந்ததும் சக்கரபாணி மனைவியை மோட்டாரில் ஏற்றினார். மாசிலாமணி மோட்டார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் பானை மாதிரி உப்பியிருந்தது.

"சுண்ணாம்பு தடவிக்க. சரியாயிடும்" என்றார் சக்கரபாணி.

"ஒண்ணுமில்லீங்க ஆண்டே" என்றான் மாசிலாமணி.

மோட்டார் போயிற்று. அவன் மலையடியில் இருந்த குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தான். தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் மூக்கு வழியாக வந்தது. பெரியதம்பி அவனைக் கட்டைவண்டியில் படுக்கவைத்து, திண்டிவனம் ரோட்டில் மாட்டை விரட்டினான். பாதித் தூரத்தில் மாசிலாமணி வாந்தி எடுத்தான். பிறகு மூச்சு விசில் அடிக்கிற மாதிரி வந்தது. பொழுது சாய்வதற்கு முன்னால், ஒரு புளியமரத்தடியில், அந்தச் சத்தமும் நின்றுபோயிற்று. பெரியதம்பி வண்டியை நிறுத்தவில்லை. நாற்காலியும் வண்டியிலேயே இருந்தது. பிரேதத்துக்குப் பக்கத்தில் அதுவும் குலுங்கிக்கொண்டே ஊர் வந்தது.

பொன்னிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, அம்சவள்ளி. அவள் அழுது முடித்த மூன்றாம் நாள் அண்ணனிடம் கேட்டாள்: "எல்லாரும் ஓடினாங்களாமே. அவரு ஏன் ஓடல?"

பெரியதம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஓட மனசு வரல அவனுக்கு. அம்மாவ உட்டுட்டு எப்பிடி ஓடறதுன்னு நின்னுட்டான்."

அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை ஊரெல்லாம் பரவியது. சக்கரபாணிக்கும் அது பிடித்துப்போயிற்று. அதன் பிறகு வந்த ஒவ்வொரு விருந்தாளியிடமும் காற்று, பால், கத்தரிக்காய் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு இதையும் சொல்வார். "எங்க ஆளு ஒருத்தன். உயிர் போனாலும் போகுதுன்னு நாற்காலிய விடல. இந்த ஊர் ஜனங்க அப்படி. பட்டணத்துல பார்க்க முடியுமா?" செஞ்சி மலையோடு சேர்த்து மாசிலாமணியின் சாவும் அந்த ஊரின் சிறப்புகளில் ஒன்றாகிப்போனது.

பெரியதம்பிக்கு வேலை கிடைத்தது. கோவிந்தம்மாள்தான் பிடிவாதமாகச் சொல்லி அவனைத் தோட்டத்துக்கு வைத்தார். வருஷம் முழுவதும் வேலை; தினம் மதியம் சோறு. சேரியில் யாருக்கும் அப்படி ஒன்று வாய்த்ததில்லை. வீட்டுக் கிணறு வேறு, தோட்டத்துக் கிணறு வேறு. ஆழமான கிணறு, இனிப்பான தண்ணீர். விடிந்ததும் இறைத்து ரோஜாவுக்கும் குரோட்டன் செடிக்கும் மல்லிகைப் பந்தலுக்கும் பாய்ச்ச வேண்டும். வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரை அவன் கையால் அள்ளிக் குடிக்கலாம். ஆனால் குடத்தில் மொண்டு வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. சித்திரை மாதத்தில் அவன் குரோட்டனுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் சேரிப் பெண்கள் தலையில் காலிக் குடத்தோடு ஏரிப்பக்கம் ஊற்றுத் தோண்டப் போவார்கள். யாரும் அவனை ஒன்றும் சொன்னதில்லை. அவன்தான் முதுகைத் திருப்பிக்கொள்வான்.

மதியச் சோற்றில் பாதியை இலையில் கட்டிப் பொன்னிக்குக் கொண்டுபோவான். அவள் வாங்கிக் குழந்தைக்கு ஊட்டுவாள். "உன்னால பொழைக்கிறோம்ண்ணா" என்று ஒருநாள் சொன்னாள். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

இரண்டு வருஷம் தொடர்ந்து மழை சரியாக இல்லை. கழனி வேலை அற்றுப்போனது. விழுப்புரத்தில் மல்லாட்டை உடைக்கிற மில்லில் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1939இல் பொன்னி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். ரயில் பாதைக்குப் பின்னால் ஓலைக் குடிசை. காலையிலிருந்து சாயங்காலம்வரை மில்லில் பருப்பு புடைக்கிற வேலை. தோலின் சிவப்புத் தூசு கொட்டகை முழுவதும் பறக்கும். மூக்கைத் துணியால் கட்டினாலும் எச்சில் செம்மண் நிறத்தில் வரும். பெரியதம்பி மாதம் ஒருதரம் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

"இருமல் எப்பிடி கீது?"

"அது கெடக்குது. நீ ஏன் இளைச்சிக்கினே போறே? அங்க சோறு போடறாங்க இல்ல?"

"போடறாங்க."

ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று போவான். ஒவ்வொரு தடவையும் சொல்லாமல் திரும்புவான்.

1942 சித்திரையில் பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பயம் பரவியது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி உள்ளூர்களுக்கு ஓடிவந்தார்கள். திண்டிவனத்தில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாடகை கேட்டார்கள். சக்கரபாணியின் வீட்டில் மகள், மருமகன், மருமகனின் அண்ணன் குடும்பம் என்று பதினாறு பேர். பெரியதம்பி இருட்டோடு எழுந்து இறைக்க ஆரம்பித்தால் உச்சிவெயில்வரை ஓயாது. வந்தவர்களும் முதலில் காற்றைத்தான் புகழ்ந்தார்கள். பத்து நாள் கழிந்ததும் அவர்களுக்குப் பொழுது போகவில்லை.

ஒரு நாள் காலை சக்கரபாணி தோட்டத்துக்கு வந்தார். கூடவே மருமகனின் அண்ணன், நல்ல பருமன்.

"இவன்தான் அந்த இன்னொரு ஆள்" என்று சக்கரபாணி அவரிடம் காட்டினார். பிறகு பெரியதம்பியைப் பார்த்து, "நாளன்னிக்கி இவங்க எல்லாம் செஞ்சி போகணும்கிறாங்க. பரண்ல அந்த நாற்காலி இருக்கு. எறக்கித் தொடைச்சு வை. கூட நாலு ஆளப் புடி" என்றார்.

பெரியதம்பி கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

"முடியாதுங்க ஆண்டே."

"ஏண்டா? உடம்பு சரியில்லியா?"

"உடம்பு நல்லாத்தான் கீதுங்க. நான் தூக்கமாட்டேன்."

அந்த வீட்டில் அவன் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சக்கரபாணிக்குக் கோபம் வரவில்லை. விருந்தாளியின் முன்னால் இதையும் ஒரு பெருமையாகவே எடுத்துக்கொண்டார். "பார்த்தீங்களா? இன்னும் அந்தத் துக்கம் போகல இவனுக்கு. மச்சான் அப்படிப்பட்டவன். தானா நின்னு உயிரை விட்டவன்."

"அவன் தானா நிக்கலீங்க" என்றான் பெரியதம்பி. தன் குரலே அவனுக்குப் புதிதாகக் கேட்டது. "எறக்கிடலாம்னுதான் சொன்னான். எறக்கறதுக்கு எடமும் இருந்துது. நான்தான் விடாதேன்னேன். நீங்க கூப்டீங்கன்னு விடாதேன்னேன்."

சக்கரபாணி கொஞ்சம் யோசித்தார். "நீ சொன்னது சரிதானேடா? அதுல என்ன தப்பு?" என்றார். அவர் வேண்டுமென்று அப்படிச் சொல்லவில்லை. அதில் தப்பு இருப்பதாக அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பெரியதம்பிக்கு அது புரிந்தது.

அன்று மதியம் சோறு வாங்கப் பின்கட்டுக்குப் போனபோது கோவிந்தம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தார். வழக்கமாகச் சமையல்காரன்தான் போடுவான். இன்று அவனை உள்ளே அனுப்பிவிட்டிருந்தார்.

"காலையில நீ சொன்னது ஜன்னல்ல கேட்டுது" என்றார். பெரியதம்பி தலைகுனிந்து நின்றான். "அந்த எடத்த நானும் பார்த்தேன். இங்கயே எறக்கிடுங்கப்பான்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துது. எனக்குப் பயமா இருந்துது. நான் பேசாம இருந்துட்டேன்." பிறகு, "அஞ்சு வருஷமா நீ தண்ணி எறைக்கிற சத்தம் கேட்டுத்தான் முழிச்சுக்கிறேன்" என்றார்.

அவர் அழுதார். இந்த அம்மாள் அழுவதால் மாசிலாமணிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பெரியதம்பிக்குத் தோன்றியது. தான் இத்தனை வருஷம் பொன்னிக்கு முன்னால் வாய் திறக்காமல் இருந்ததும் இதே போலத்தான் என்றும் தோன்றியது. இலையை எடுக்காமலே திரும்பினான். கயிற்றைச் சுருட்டிக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தான்.

விழுப்புரத்தில் இறங்கும்போது சாயங்காலம். பொன்னி மில்லிலிருந்து வந்து கேப்பை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஆறு வயது அம்சவள்ளி ரயில் பாதையோரம் கரித்துண்டு பொறுக்கப் போயிருந்தாள். பெரியதம்பி வாசலிலேயே குந்தினான். உள்ளே வா என்று அவள் கூப்பிட்டும் போகவில்லை. அங்கே இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். தேனடையைப் பார்த்தது, ஒருதரம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது, சமதளம், கத்தியது, எல்லாவற்றையும்.

பொன்னி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"நீ விடாதேன்னதுக்கு அவரு இன்னா சொன்னாரு?"

பெரியதம்பி ரயில் பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏதோ சொன்னாரு இல்ல? சொல்லு."

"‘எனக்கு ஒண்ணு ஆயிட்டா பொன்னிக்கு யாரு பதில் சொல்றது’ன்னான். ‘நான் சொல்றேன், நட’ன்னேன்."

குடிசைக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று.

"அஞ்சு வருஷம்" என்றாள் பொன்னி. "அவரு கடைசியா பேசினது என் பேரு. அத நீ வச்சிக்கினு எனக்குச் சோறு கொண்டாந்து குடுத்தியா?"

"பொன்னி..."

"நீ விடாதேன்னு சொன்னதக்கூட மன்னிச்சிடுவேன். பயந்துட்ட. பயம் நமக்குப் புதுசா? ஆனா இத எங்கிட்டயிருந்து நீ எடுத்து வச்சிக்கினியே. எழுந்து போ. இனிமே என் வாசல்ல வந்து ஒக்காராதே."

அவன் எழுந்து போனான். ஆனால் ஊரைவிட்டுப் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்குத் திண்டிவனத்துக்குத் திரும்ப இடமும் இல்லை. இரண்டு நாள் ஸ்டேஷன் வாசலில் கிடந்துவிட்டு, அதே மில்லில் மூட்டை தூக்குகிற கூலியாகச் சேர்ந்தான். பெண்கள் கொட்டகை ஒரு பக்கம், மூட்டை அடுக்குகிற இடம் மறுபக்கம். நடுவில் ஒரு முற்றம். தினமும் பொன்னி அவனைக் கடந்துதான் உள்ளே போவாள். ஒருநாளும் திரும்பிப் பார்க்கமாட்டாள். அவனும் கூப்பிடமாட்டான்.

யுத்தகாலம். அரிசிக்கு ரேஷன் வந்தது. மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் வரிசை. பெரியதம்பிக்கு மில்லுக்கு வெளியே ஒரு கொட்டகையில் படுக்கை. தன் அரிசியில் ஒரு பங்கை அம்சவள்ளி கையில் கொடுத்தனுப்புவான். முதல் தடவை அவள் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். "அம்மா வேணாமாம் மாமா." இரண்டாம் மாதமும் திரும்பி வந்தது. மூன்றாம் மாதம் பை மட்டும் காலியாக வந்தது. அன்று பொன்னியிடம் சமைக்க ஒன்றும் இருந்திருக்காது. அவளைப் பொறுத்தவரை அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அவனும் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. 1945 ஆவணியில் பொன்னியின் இருமலில் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்துத் தண்ணீர் கொடுத்து, நல்ல காற்றுள்ள இடத்தில் இருக்கவேண்டும், பாலும் முட்டையும் சாப்பிடவேண்டும் என்றார்கள். அவள் மில்லுக்கே போனாள். புரட்டாசியில் ஒருநாள் புடைத்துக்கொண்டிருந்தபடியே சரிந்தாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அம்சவள்ளி நனைந்துகொண்டே மில்லுக்கு ஓடிவந்தாள்.

"மாமா, அம்மா உன்ன இட்டாரச் சொல்லிச்சு."

ஓலைக் கூரையில் மூன்று இடத்தில் ஒழுகியது. பொன்னி ஒழுகாத மூலையில் கிடந்தாள். கை விரல் இடுக்கிலெல்லாம் சிவப்புத் தூசு இன்னும் படிந்திருந்தது. பெரியதம்பி வாசலில் தயங்கினான்.

"உள்ள வா" என்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவனிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை.

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மனசு ஆறிப்போச்சின்னு நெனைச்சிக்காத. ஆறல" என்றாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "ஆனா இதுக்கு வேற யாரு இருக்கா? நீதான். இத மில்லுக்கு அனுப்பாத. நீ செத்தாலும் அனுப்பாத. படிக்க வை."

"வைக்கிறேன்."

"எங்கிட்ட மறைச்ச மாதிரி இதுகிட்ட மறைக்காத. கேக்கற வயசு வரும். கேட்டா சொல்லிடு."

"சொல்றேன் பொன்னி."

அவன் ஒழுகுகிற இடத்தில் சட்டியை நகர்த்தி வைத்தான். மூன்றாம் நாள் காலை அவள் இறந்தாள். ஆற்றோர இடுகாட்டில் தண்ணீர் ஏறியிருந்ததால் மேட்டில் ஒரு புறம்போக்கில் புதைத்தார்கள். பெரியதம்பியும் மில் ஆட்கள் நாலு பேரும்தான்.

அம்சவள்ளி பத்து வயதில் முதல் வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் அவள் இடுப்புயரம். சேரிப் பெண் என்று தனியாக உட்காரவைத்த முதல் பள்ளிக்கூடத்திலிருந்து பெரியதம்பி அவளை நிறுத்தி, வளவனூர் ரோட்டில் கிறிஸ்தவர்கள் நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். அங்கிருந்த சவுரியம்மாள் டீச்சர் ஒரே வருஷத்தில் அவளை இரண்டு வகுப்பு தாண்டவைத்தார். பெரியதம்பி மூட்டை தூக்கினான், சமைத்தான். கழுத்தெலும்புக்குக் கீழே மூட்டை அழுத்திய இடம் கறுத்துக் காய்த்துப்போனது.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் அவளுக்குப் பதின்மூன்று நடக்கிறபோது கேட்டாள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் செஞ்சிக்குப் போவதாக இருந்தது. டீச்சர் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"மாமா, எங்கப்பா அங்கதான் செத்தாருன்னு அம்மா சொல்லியிருக்கு. எப்பிடி?"

பெரியதம்பி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். சுருக்கமாகச் சொல்லவில்லை. அவள் அப்பா ராஜாவைப் பற்றிச் சொன்ன கிண்டலைச் சொன்னான்; தலைத்துண்டை மடித்துப் போட்டதைச் சொன்னான். பிறகு தான் கத்திய வார்த்தையைச் சொன்னான். அவள் அப்பா பதிலுக்குக் கேட்டதையும், தான் அதற்குச் சொன்னதையும், அதை அவள் அம்மாவிடம் மறைத்ததையும் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

அம்சவள்ளி வெகுநேரம் புத்தகப் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"நீ பதில் சொல்றேன்னு சொன்னியா அவருகிட்ட?"

"சொன்னேன்."

அவள் எழுந்து வெளியே போனாள். குழாயடியில் போய்த் தனியாக நின்றாள். திரும்பி வந்து அவனோடு பேசாமலே சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். மறுநாளும் பேசவில்லை. அதற்கு மறுநாள் காலையில், பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிறபோது வாசலில் நின்று, "செஞ்சிக்கு நான் வரலன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சாயங்காலம் நோட்டு வாங்கணும் மாமா. கோடு போட்டது. மறந்துடாத" என்றாள்.

பெரியதம்பி சரி என்றான். அன்று மில்லில் லாரி இரண்டு வந்து நின்றது. ஏற்றி முடிக்க இருட்டிவிட்டது. கடை மூடுவதற்குள் போய்ச் சேர, வேர்வையைக்கூடத் துடைக்காமல் கடைத்தெருவுக்கு வேகமாக நடந்தான்.